இதே மாதிரி இன்னொண்ணு

இருக்குன்னுதான் சொல்றானுங்க. ஒருத்தன் வாயிலயாவது இல்லைன்னு வரணுமே? வராது. பழைய வண்டிச் சாமான் விக்கிற இந்தப் புதுப்பேட்டையில இல்லைங்கிற வார்த்தையையே யாரோ தடை பண்ணி வச்சிருக்காங்க போல. இருக்கு சார், உக்காருங்க சார், டீ சாப்பிடுங்க சார், மச்சான் எடுக்கப் போயிருக்கான், இதோ வந்துடுவான். நான் டீ சாப்பிடவா ஐயா பெரம்பூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? வீட்டுல ஒண்ணு குடிச்சேன், இந்தத் தெரு முனையில ஒரு கடைக்காரன் வாங்கிக் கொடுத்துட்டு கையை விரிச்சான், இப்ப இவன் வேற. வயிறெல்லாம் புளிச்சுப் போச்சு. உக்கார வச்சிருக்கிற இடத்தைப் பாரு, ஏதோ ஒரு அம்பாசடர்லேர்ந்து பேத்தெடுத்த பின்சீட்டு, பிளாட்பாரத்துல போட்டு சோஃபான்னு வச்சிருக்கான், ஸ்பிரிங் ஒண்ணு துணியைக் கிழிச்சுக்கிட்டு வந்து சரியா என் தொடைக்கு அடியில நிக்குது. நகரலாம்னா அந்தப் பக்கம் ரேடியேட்டர், இந்தப் பக்கம் யாரோ ஒருத்தனோட கார் கதவு, கண்ணாடியோட. கதவுல என் மூஞ்சி தெரியுது. அறுபத்தஞ்சு வயசுல, வெயில்ல கறுத்து, மடியில நியூஸ் பேப்பர்ல சுத்தின ஒரு இரும்புத் துண்டை வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி இருக்கேன். ரயில்வே கணக்குப் பிரிவுல இருந்தப்ப ஃபைலை மேஜையில வீசினா நாலு பேர் ஓடி வருவான். இங்க சத்தமாக் கேட்டா இன்னொரு டீ வருது.

இந்த இரும்புத் துண்டுதான். பிரிச்சுப் பாக்கிறேன், மறுபடியும் சுத்துறேன். எல் எழுத்து மாதிரி இருக்கிறதால எல் பீஸாம். மெக்கானிக் வேதகிரி சொல்லித்தான் இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஒரு கம்பி இதைத் தள்ளுமாம், இது திரும்பி இன்னொரு கம்பியைத் தள்ளுமாம், அந்தக் கம்பி போய் கார்பரேட்டரைத் திறக்குமாம், காலை எடுத்தா எல்லாம் பழையபடி திரும்பணுமாம். திரும்பணும். அதுதான் விஷயமே. திரும்பலை. “நடுவுல ஓட்டை தேய்ஞ்சு போச்சு சார், ஆடுது பாருங்க. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடுங்க, மாட்டிடுறேன். சாம்பிளைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம அங்க ஒரு வேலையும் நடக்காது”ன்னான். நெஜம்தான். இங்க ஒருத்தனும் என்ன வண்டின்னு கேக்கிறதில்லை, எந்த வருஷத்து மாடல்னு கேக்கிறதில்லை. சாம்பிள் இருக்கா? அவ்வளவுதான் கேள்வி. கொடுத்தா வாங்கி, உள்ளங்கையில வச்சு எடை பாக்கிற மாதிரி ரெண்டு தரம் தூக்கிப் போட்டுப் பிடிச்சு, இருக்கு சார்ங்கிறான். ஃபியட் லெவன் ஹண்ட்ரட்னு நான் சொல்ல வாயெடுத்தா, “அதெல்லாம் எதுக்கு சார், அதான் சாம்பிள் இருக்கே”ங்கிறான்.

இதோ மச்சான் வந்துட்டான். வியர்வை வழிய ஓடி வந்து எதையோ நீட்டுறான். பாக்கிறேன். என்னய்யா இது? “வைப்பர் லிங்க் சார், அதே மாதிரிதான இருக்கு.” எது அதே மாதிரி? இரும்பா இருக்கிறதா? வைப்பரையும் ஆக்சிலேட்டரையும் ஒண்ணுங்கிறியே, நாளைக்கு மழை பெஞ்சா எதை மிதிக்கிறது? கடைக்காரன் சிரிக்கிறான், மச்சானும் சிரிக்கிறான், பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாத்துட்டு என்னன்னு தெரியாமயே சிரிக்கிறான். “கோவப்படாதீங்க சார், இன்னொரு எடத்துல இருக்கு, உக்காருங்க.” உக்கார மாட்டேன். எழுந்திருக்கிறப்ப ஸ்பிரிங் வேட்டியைப் பிடிச்சு இழுக்குது. நல்லவேளை, கிழியலை. வீட்டுக்காரி சுகிர்தா கூட வந்திருந்தா இந்நேரம் இவனை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தவ. மைதானத்துக்கு அந்தக் கோடியில நிக்கிற பிள்ளைக்கு இந்தக் கோடியிலேர்ந்து சட்டை பட்டனைப் போடச் சொன்னா, அது போடும். அப்படிப்பட்ட தொண்டை. இப்ப வீட்டுல கேஸ் தீந்து போச்சுங்கிறதைக்கூட என் காதுகிட்ட வந்து சொல்றா. என்னது, என்னதுன்னு நான் மூணு தரம் கேக்க வேண்டியிருக்கு. அதுக்கும் கோவிக்க மாட்டேங்கிறா. எரிச்சலா வருது எனக்கு. யார் மேலன்னு தெரியலை, வருது.

பெரம்பூர் மேம்பாலத்து இறக்கம். நினைக்கக்கூடாதுன்னுதான் பாக்கிறேன், இந்தத் தெருவுல எவனாவது ஒரு எஞ்சினைத் தூக்கி வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறான், அந்தச் சத்தம் கேட்டாலே திரும்ப அந்த இறக்கத்துல இருக்கேன். அன்னிக்கும் அப்படித்தான், சுகிர்தா ஓட்டிக்கிட்டிருந்தா, திடீர்னு வண்டி ஓன்னு கத்த ஆரம்பிச்சுது. என்னடி இவ்வளவு வேகம்னு திரும்பிப் பாக்கிறேன், அவ கால் ஆக்சிலேட்டர்லயே இல்லை. பிரேக்குல நிக்குது. எழுந்து நிக்கிற மாதிரி மிதிக்கிறா. வண்டி கேக்க மாட்டேங்குது, கயிறை அத்துக்கிட்டு ஓடுற மாடு மாதிரி இறங்குது. எதிர்ல பஸ்ஸோட முதுகு. அதுல தேங்காயெண்ணெய் விளம்பரம், நீளமா முடியை முன்னால விட்டுக்கிட்டு ஒரு பொண்ணு சிரிக்கிறா. அந்தப் பொண்ணு பெருசாகிட்டே வர்றா. அவ பல்லைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நான் ஒண்ணுமே பண்ணலை, டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டேன், அம்மான்னு கத்தினேனாம், பின்னால யாரோ சொன்னாங்க. சுகிர்தாதான் சாவியைத் திருப்பி அணைச்சு, ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் இழுத்தா. நின்னுச்சு. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு பூனை புகுந்து போகலாம், அவ்வளவுதான் இடம். பின்னால ஊரே ஹாரன் அடிக்குது. அவ ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தா. திட்டலை, அழலை, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. வேதகிரி ஆளை அனுப்பி வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனான், நாங்க ஆட்டோவுல வந்தோம். அன்னிக்குப் போட்டதுதான் வண்டிச் சாவியை, அதுக்கப்புறம் தொடலை. ஸ்கூட்டரையும் தொடலை. கடைத்தெருவுல ரோட்டைத் தாண்டணும்னா என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிறா. இவ! பத்தொன்பது வயசுல லைசென்ஸ் எடுத்தவ. கல்யாணமான புதுசுல என்னை உக்கார வச்சு வண்டி கத்துக்கொடுக்கிறேன்னு ஆரம்பிச்சு, உங்களுக்கு இது வராது, நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க போதும்னு கீழ இறக்கிவிட்டவ.

தள்ளி நில்லு தள்ளி நில்லுன்னு ஒருத்தன் ஆக்சிலைத் தோள்ல வச்சுக்கிட்டு வர்றான். ஒதுங்கினா கிரீஸ்ல கால் வைக்கிறேன். செருப்பு வழுக்குது. ராத்திரி தூக்கத்துல அவ வலது கால் மெத்தையை அழுத்துது. பிரேக்கு. நான் பாத்திருக்கேன். எழுப்பிக் கேட்டா, ஒண்ணுமில்லை, கெண்டைக்கால் இழுக்குதுங்கிறா. இதையெல்லாம் டாக்டர்கிட்டப் போய் எப்படிச் சொல்றது? ஓசூர்ல இருக்கிற பையன்கிட்டச் சொன்னேன். அவன் என்ன சொல்றான், “அந்த டப்பாவைத் தலையைச் சுத்திப் போட்டுட்டு அம்மாவுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுங்கப்பா.” ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். டப்பாங்கிறானே, இப்ப பாரு வாங்கிக் கட்டிக்கப் போறான்னு நான் போனைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். அந்த வண்டியை யாராவது ஒரு சொல் சொன்னா ரெண்டு நாள் பேச மாட்டா. ஆனா அவ கறிவேப்பிலையை உருவிக்கிட்டே, சரி, வித்துடலாம்னா. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுது. பஸ் முதுகைப் பாத்தப்பகூட அப்படி ஆகலை. வித்துடலாமா? நீயா சொல்றே? “எனக்கு இனிமே எதுக்குங்க வண்டி”ன்னா. அந்தக் குரல் அவளோடதே இல்லை. மறுநாளே வேதகிரிகிட்டப் போய், என்னய்யா வேணும் சொல்லு, நான் வாங்கிட்டு வர்றேன்னு நின்னேன். அதான் இங்க வந்து சீரழியறேன். இதைக் கொண்டுபோய் மாட்டிட்டா எல்லாம் சரியாயிடுமா? தெரியலை. வண்டி சரியாயிடும். கால்? மெத்தையை அழுத்துற கால் சரியாகுமா? அதுக்கு எந்தக் கடையில போய் என்னத்தைக் கேக்கிறது. வேற வழி தெரியலையே எனக்கு.

அடுத்த கடைக்காரன் இன்னும் மோசம். கடை வாசல் பூரா ஸ்டியரிங் சக்கரத்தைத் தோரணம் மாதிரி தொங்க விட்டிருக்கான், குனிஞ்சு போகணும், நிமிந்தா மண்டையில இடிக்குது. சாம்பிளை வாங்கினான், தூக்கிப் போட்டுப் பிடிச்சான், இருக்கு சார்னான். சரிதான். உள்ள போய் ஒரு துண்டைக் கொண்டு வந்தான், எல் மாதிரியே இல்லை, ஆணியை யாரோ கோவத்துல வளைச்ச மாதிரி இருக்கு. இது வேறயா இருக்கேப்பான்னேன். “ஜீப்போடது சார், நல்ல கனம், உங்க ஆயுசுக்கும் வரும். லேசாத் தட்டி வளைச்சா உக்காந்துடும்.” சொல்லிக்கிட்டே சுத்தியலை எடுத்துட்டான். தட்டாதேங்கிறேன், தட்டுறான். டங்குங்குது. டேய் நிறுத்துடான்னு கத்திட்டேன். தெருவே திரும்பிப் பாக்குது. என்ன சார் இப்படிக் கத்துறீங்க, ஒரு துண்டு இரும்புக்குங்கிறான். ஒரு துண்டு இரும்பா? வளைச்சு மாட்டினது பாலத்து இறக்கத்துல நட்ட நடுவுல மாட்டிக்கிட்டா நீ வருவியா? பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல உன் சுத்தியலை வைப்பியா? இதையெல்லாம் அவன்கிட்டச் சொல்லலை. உள்ளுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். வெளியில, வேணாம்ப்பா, கொடுத்துடுன்னு மட்டும்தான் வந்துது. சாம்பிளை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்குப் போயிடலாமா? போய் என்ன சொல்றது? கிடைக்கலை சுகிர்தான்னா, சரிங்கன்னுடுவா. அந்தச் சரிங்கவைக் கேக்கிறதுக்கு இங்கயே இன்னும் நாலு பேர்கிட்ட ஏமாறலாம்.

ஹயாத் பாய் கடைன்னு ஒரு டீக்கடைக்காரர் கை காட்டினாரு. சந்துக்குள்ள சந்து. கடைன்னு சொல்ல முடியாது, ஒரு ஆள் உக்காந்தா நிறைஞ்சு போற அறை, சுவர் முழுக்க பிஸ்கெட் டின்னுங்க. பாய் மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு சாம்பிளை வாங்கினாரு. தூக்கிப் போடலை. ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஆட்டிப் பாத்தாரு. நல்லா தேய விட்டிருக்கீங்களேன்னாரு. இருக்குன்னு சொல்லலை. அதுவே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருந்துது. ஒரு டின்னை இறக்கி, தரையில சாக்கை விரிச்சுக் கொட்டினாரு, கிளறினாரு, ஒண்ணை எடுத்து என் சாம்பிள் மேல வச்சாரு. அப்படியே ஒட்டிக்கிச்சு. எல்லோட ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, நுனியில அதே குண்டு, நடுவுல அதே ஓட்டை, ஆனா தேயலை, புதுசு மாதிரி. திருப்பி வச்சாரு, ஓரம்கூடப் பிசகலை. அப்பாடா. எனக்கு அந்த மனுஷன் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துது. கண்ணு லேசாக் கலங்கிடுச்சு, கிரீஸ் கையால துடைச்சுக்கிட்டேன், இன்னும் எரியுது. “இதான் சார். ஆனா ஒண்ணு, எடுத்துட்டுப் போனா திருப்பி வாங்க மாட்டேன். யாரையாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுக்குங்க”ன்னாரு. வேதகிரிக்குப் போன் போட்டேன், எடுக்கலை. எந்த வண்டிக்கு அடியில படுத்திருக்கானோ. சரி, சுகிர்தாகிட்டயாவது சொல்லுவோம். வீடியோவுலயே கூப்பிட்டேன், இதைப் பாத்தா அவ மூஞ்சி எப்படி ஆகுதுன்னு எனக்குப் பாக்கணும்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?” மூஞ்சி பாதிதான் தெரியுது, மேல ஃபேன் சுத்துறது தெரியுது. சாப்பாடு கிடக்கட்டும், கிடைச்சிடுச்சு பாருன்னேன். “எனக்கு எதுக்குக் காட்டுறீங்க? வேதகிரிகிட்டக் கொடுத்துடுங்க.” சும்மா பாரேன், உனக்காகத்தான காலையிலேர்ந்து அலையறேன்னு ரெண்டையும் ஒட்ட வச்சு கேமரா முன்னால பிடிச்சேன். அதே மாதிரி பாத்தியா, அச்சு அசல். சட்டுனு போன்ல அவ மூஞ்சி முழுசா வந்துடுச்சு, கண்ணைச் சுருக்கிக்கிட்டு. “கிட்ட கொண்டு வாங்க. இன்னும் கிட்ட. ஆட்டாதீங்க! அந்தத் தேஞ்சது நம்ம வண்டியில இருந்ததா?” ஆமா, வேதகிரி கழட்டினது. “நம்ம வண்டியில இருந்ததா இது? ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா? நம்ம வண்டிக்கு ரெண்டு கையும் சமமா இருக்கணும்ங்க! நான் எத்தனை தரம் பானட்டைத் திறந்து எண்ணெய் விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? கார்பரேட்டர் மாத்தினானே வேற ஒரு பட்டறைக்காரன், அவன் மாட்டின வேலை இது! அதான் அதுக்கப்புறம் பெடல் ஒரு மாதிரி கனமாவே இருந்துது, நான் பாதத்தை அடியில விட்டுத் தூக்கி விட்டுக்கிட்டே ஓட்டினேன். நீளக் கை அந்தப் பக்கம் தாண்டிப் போய் மாட்டிக்கிச்சுன்னா எப்படித் திரும்பும்? திரும்பாது! அதான் திரும்பலை!” பாய் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, இது ஃபியட்டுக்கா சார்ங்கிறாரு. ஆமாங்க. “ஃபியட்டுக்கு இது இல்லையே. இது சின்ன வேனுக்கு வர்றது. நீங்க சாம்பிளைக் கொடுத்தீங்க, சாம்பிளுக்குச் சரியா எடுத்துக் கொடுத்தேன். வண்டி என்னன்னு நான் கேக்கலை, நீங்களும் சொல்லலை.” எனக்கு அங்கயே அந்தச் சாக்கு மேல உக்காந்துடலாம் போல ஆயிடுச்சு. எங்களைக் கொல்லப் பாத்த இரும்புக்கு, அச்சு அசல் அதே மாதிரி ஒரு தம்பியைத் தேடிக்கிட்டு காலையிலேர்ந்து வெயில்ல அலைஞ்சிருக்கேன். கிடைச்சதும் கண்ணு வேற கலங்குது. என்ன ஜென்மம்டா நான்! வைப்பர் லிங்க்கை வாங்கியிருந்தாக்கூடப் புண்ணியம்.

“போனை அவர்கிட்டக் கொடுங்க”ங்கிறா. கொடுத்தேன். “பாய், சமக் கை இருக்கா உங்ககிட்ட?” இருக்கும்மா, ஒரு டின்னே இருக்கு, ஆனா எல்லாம் ஒண்ணு போல இருக்காது, மாடலுக்கு மாடல் கொஞ்சம் கொஞ்சம் மாறும், இப்ப சாம்பிளும் தப்புங்கிறப்ப நான் எதைன்னு எடுக்கிறதுங்கிறாரு. “நீங்க எடுக்க வேணாம். எல்லாத்தையும் கொட்டி வைங்க, நான் வந்து பாத்து எடுக்கிறேன். எனக்குக் கையில பிடிச்சா தெரியும்.” “நான் வந்து”ங்கிறா, அவளே. பாய் போனை என்கிட்ட நீட்டுறாரு, நான் வாங்கிக்கிட்டு என்ன பேசுறதுன்னு தெரியாம, ஆட்டோ பிடிச்சு வா, எக்மோர் பக்கமா வரச் சொல்லுங்கிறேன். “ஆட்டோவா? இந்த வெயில்ல ரோட்டுல நின்னு எவன் கை காட்டுறது. மாடி வீட்டு ரேவதி கார் சும்மாதான நிக்குது, சாவியைக் கேட்டு எடுத்துட்டு வர்றேன்.” அவ்வளவு சாதாரணமாச் சொல்றா, காய் வாங்கிட்டு வர்றேங்கிற மாதிரி. சொன்னது என்னன்னு அவளுக்கே உறைக்கலையோ? நான் வாயைத் திறந்தா உறைச்சிடுமோ? பயமா இல்லையாடின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஒரு கேள்வியைக் கேட்டேனோ, அவ்வளவுதான், எல்லாம் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, ம்ன்னேன். ரெண்டாவது தரமும் ம்ன்னேன். போனை வச்சாளா இல்லையான்னு தெரியலை, படிக்கட்டுல செருப்புச் சத்தம், ரேவதின்னு ஒரு கூப்பாடு, நிஜமாவே மைதானத்துக்கு அந்தக் கோடிக்குக் கேக்கிற கூப்பாடு, பாய் திடுக்குனு நிமிந்து பாத்தாரு. அப்புறம் கேட் திறக்கிற சத்தம், கதவு சாத்துற சத்தம். எஞ்சின் உறுமிச்சு. காதுலேர்ந்து போனை எடுக்க முடியலை எனக்கு. ஒரு ரெண்டு மூச்சு நேரம் வண்டி நகரவே இல்லை. அந்த நேரம்தான். இறங்கிடுவா, இப்ப இறங்கிடுவா, சரிங்க நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்கன்னுடுவா. எஞ்சின் சத்தம் மட்டும் கேக்குது. அவ மூச்சு விடுறது கேக்குது. அப்புறம், “என்னங்க, இருக்கீங்களா?”ன்னா. இருக்கேம்மா. “அங்க வண்டி நிறுத்த இடம் இருக்கா?”

வெளிய ஓடி வந்துட்டேன். சந்தைத் தாண்டி தெருவுக்கு வந்து பாக்கிறேன், ஒரு சைக்கிளைச் சாத்தக்கூட இடமில்லை, எங்க பாத்தாலும் எஞ்சின், சக்கரம், ஆட்டோ, ஆளுங்க. டீக்கடைக்கு எதிர்ல ஒரு டெம்போ நின்னுக்கிட்டிருந்தது, அது கிளம்புது, அந்த இடத்துல போய் நின்னுக்கிட்டேன். நடுவுல. ரெண்டு கையையும் அகட்டிக்கிட்டு. உடனே ஒரு குட்டி யானை லோடு வண்டிக்காரன் பின்பக்கமா விட்டுக்கிட்டு வர்றான், ஹாரன் அடிக்கிறான், யோவ் பெரியவரே, தள்ளுங்கிறான். தள்ள மாட்டேன்னேன். “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?”ன்னு இறங்கியே வந்துட்டான். எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கப்பா, நகர மாட்டேன்னேன். எனக்குச் சிரிப்பு வருது, பெரம்பூர்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் எத்தனை பஸ் இருக்கு, எத்தனை இறக்கம் இருக்குன்னு மனசு ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கு. அவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, யாருக்குய்யா இப்படி இடம் பிடிக்கிறே, மந்திரியா வர்றாருங்கிறான். இல்லைப்பான்னேன். என் பொண்டாட்டி வண்டி ஓட்டிக்கிட்டு வர்றா.